குடிலுக்குப் பின்னால் ஒரு வாளி

அந்த நீல வாளியை அம்மா ஏன் அங்கே கொண்டுவந்து வைத்தார்? இருபது வருடங்களாக எனக்கு விடை தெரியாத கேள்வி இது. அம்மா நலமாகத்தான் இருக்கிறார், சேலையூரில், அதே வீட்டில். போனை எடுத்துக் கேட்டால் முடிந்தது என்று நீங்கள் நினைக்கலாம். மூன்று முறை கேட்டுவிட்டேன். முதல் முறை, "எந்த வாளி?" என்றார். இரண்டாம் முறை, வீடு துடைக்க வைத்திருப்பேன் என்றார். மூன்றாம் முறை, உனக்கு வேறு வேலையே இல்லையா என்று கேட்டுவிட்டு, குழந்தைக்குச் சளி எப்படி இருக்கிறது என்று பேச்சை மாற்றிவிட்டார். வீட்டுக்கு ஆள் வரப்போகிற நேரத்தில், முன்னறைத் திரைக்குப் பின்னால், விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி வைத்துக்கொண்டு யார் வீடு துடைப்பார்கள்?

நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. எங்கள் தேவாலயப் பங்கில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் குடில் போட்டி உண்டு. இயேசு பிறந்த மாட்டுத் தொழுவத்தை வைக்கோலாலும் காகிதத்தாலும் வீட்டு முன்னறையில் செய்து வைப்போம். பண்டிகைக்கு மறுநாள் மாலை ஃபாதரும் இரண்டு பெரியவர்களும் தெருத் தெருவாக வந்து மதிப்பெண் போடுவார்கள். பெத்லகேமில் பனி விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. தாம்பரத்துக் குடில்களில் தவறாமல் விழும். மருந்துக்கடைப் பஞ்சு இரண்டு பொட்டலம் பிரித்துக் கூரைமேல் பரப்பினால் பனி.

அப்பா ரயில்வே அலுவலகத்தில் எழுத்தர். பதினொரு மாதம் இருக்குமிடம் தெரியாத மனிதர். டிசம்பர் பிறந்தால் மட்டும் அவருக்குள் ஒரு காண்ட்ராக்டர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். நான்கு வருடமாக எங்களுக்கு இரண்டாம் பரிசுதான். ஒவ்வொரு வருடமும் ஒரு எவர்சில்வர் தூக்கு. சமையலறைப் பரணில் நான்கும் வரிசையாக நின்று அப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்கும். முதல் பரிசு எப்போதும் பின் தெரு டீச்சர் வீட்டுக்கு. அவர்கள் குடிலில் மீன்தொட்டி மோட்டாரை வைத்து அருவி ஓட்டுவார்கள். அருவியைத் தோற்கடிக்க வெளிச்சத்தால்தான் முடியும் என்று அப்பா அந்த வருடம் முடிவு செய்திருந்தார். இரவு உணவின்போதெல்லாம் அதே பேச்சு. இந்த முறை முதல் பரிசு வராவிட்டால் இனிமேல் குடிலே வைக்கப்போவதில்லை என்று அலுவலகத்திலும் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

வெளிச்சத்துக்கு எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சீரியல் செட். நான் பிறந்த வருடம் பாரிமுனையில் வாங்கியது. நாற்பது குட்டி பல்புகள், ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வயரில் கோத்தவை. ஒன்று போனால் எல்லாம் அணைந்துவிடும். அப்பாவின் வைத்தியம் எளிமையானது. போன பல்பைக் கத்தரித்து எறிவார், இரண்டு வயர் நுனிகளையும் பல்லால் சீவி ஒன்றாக முறுக்குவார், மேலே செல்லோடேப் ஒட்டுவார். செட் மறுபடி எரியும். புது பல்பு வாங்கிப் போடலாமே என்று அம்மா ஒருமுறை சொன்னபோது, "உனக்கு இதெல்லாம் தெரியாது" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அம்மா சொன்னதாக எனக்கு நினைவில்லை. நான் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது நாற்பதில் மிச்சம் இருபத்து நான்கு.

அரையாண்டுத் தேர்வில் ஓம் விதி இருந்தது. வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் தடை, வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கினால் வாட். மூன்று மதிப்பெண் கணக்கு, நான் தப்பில்லாமல் போட்டுவிட்டு வந்திருந்தேன். தேர்வு முடிந்த மறுநாள் அப்பா கத்தரித்துப் போட்ட பல்பு ஒன்று கையில் கிடைத்தது. பித்தளை அடியில் எறும்பு எழுத்தில் 6 வோல்ட், 0.3 ஆம்பியர் என்று இருந்தது. ரஃப் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறை 0.3ஆல் வகுத்தால் இருபது ஓம். நாற்பது பல்புக்கு எண்ணூறு ஓம். 240 வோல்டை எண்ணூறால் வகுத்தால் 0.3 ஆம்பியர். பல்பில் எழுதியிருந்ததே வந்துவிட்டது. பாடப்புத்தகத்தில் படித்தது வீட்டுக்குள்ளும் செல்லும் என்று அன்றுதான் தெரிந்தது. அப்படியொரு சந்தோஷம்.

அங்கேயே நோட்டை மூடியிருக்கலாம். மூடாமல், இருபத்து நான்கு பல்புக்கும் போட்டுப் பார்த்தேன். 480 ஓம். 240ஐ 480ஆல் வகுத்தால் 0.5.

கரண்ட் குறையவில்லை, கூடியிருந்தது. பல்பு ஒன்றுக்கு ஆறு வோல்டுக்குப் பதிலாகப் பத்து வோல்ட். 1.8 வாட் எரிய வேண்டிய பல்பு ஐந்து வாட் எரியப்போகிறது. மொத்த செட்டும் 72 வாட்டிலிருந்து 120 வாட்டுக்குப் போயிருந்தது. பல்பைக் குறைக்கக் குறைக்கச் சூடு கூடுகிறது. இது எப்படி சரியாக இருக்க முடியும்? மூன்று முறை போட்டேன், மூன்று முறையும் அதுதான் வந்தது.

கணக்கு சரியென்றால் போன வருடமே எரிந்திருக்க வேண்டுமே என்று அடுத்த சந்தேகம். எனக்குச் சந்தேகங்களுக்குக் குறைவே இருந்ததில்லை. அதற்கு விடை ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருந்தது. எங்கள் தெருவில் மாலை ஆனால் வோல்டேஜ் இறங்கிவிடும். ஸ்டெபிலைசர் முள் 170ஐத் தாண்டாது. தெருக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்து, அந்த நவம்பரில்தான் புது டிரான்ஸ்ஃபார்மர் வந்திருந்தது. மாட்டிவிட்டுப் போன லைன்மேன் எங்கள் வாசலில் நின்று தண்ணீர் குடித்துவிட்டு, "இனிமே டிம்மே அடிக்காது சார், ஃபுல்லா கீது" என்றார். அன்றிலிருந்து முள் 240ஐ ஒட்டிக்கொண்டு நின்றது. தெருவே கொண்டாடியது.

இப்போது அப்பாவிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று ஒரு நாள் முழுக்க ஒத்திகை பார்த்தேன். 'நீங்கள் செய்தது தப்பு' என்ற வாக்கியம் எங்கள் வீட்டில் இல்லாத வாக்கியம். ஆகவே கேள்வியாக மாற்றினேன். அப்பாவும் சித்தப்பாவும் குடிலுக்குக் கூரை கட்டிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா எங்கள் மாடியில் குடியிருந்தவர். எந்த வேலைக்கும் வருவார், வேலையைவிடப் பேச்சு அதிகமாக இருக்கும்.

"அப்பா, சீரியல் செட்ல பல்பு குறைஞ்சா கரண்ட் கூடுமாப்பா?"

அப்பா சணல் கயிற்றை வாயில் வைத்திருந்ததால் சித்தப்பாதான் பதில் சொன்னார். "பத்து பேர் சாப்பிடற வீட்ல நாலு பேர் ஊருக்குப் போயிட்டா அரிசி கூடப் போடுவாங்களா, கம்மியா போடுவாங்களா?"

"கம்மியா."

"அவ்ளோதான். இதுக்கு எதுக்கு ஓம், வாட்டுன்னு கணக்கு?"

அப்பா சிரித்துவிட்டார். கயிறு வாயிலிருந்து விழுந்தது. "ஸ்கூல்ல சொல்றது வேற, வீட்ல நடக்கறது வேறம்மா. இத்தனை வருஷமா எரியுதில்ல?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிரியமாகத்தான் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எதிர்த்துப் பேச எனக்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

உள்ளே போய் அழிப்பானை எடுத்து அந்தப் பக்கத்தை அழித்தேன். கணக்கு தப்பென்று முடிவு செய்ததால் அழிக்கவில்லை. அது அங்கே இருந்தால் அப்பாவை நான் வேவு பார்ப்பதுபோல் இருந்தது.

போட்டி நாள் மதியம் அப்பா ஒத்திகைக்காக செட்டைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கூரையிலிருந்து சறுக்கி விழுந்த வானதூதரை எடுத்து வைக்கப் போன அம்மா, சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். விரலை வாயருகே வைத்து ஊதினார். என்ன ஆச்சும்மா என்று கேட்டேன். வைக்கோல் குத்திவிட்டது என்றார். வைக்கோல் குத்தினால் யாரும் ஊத மாட்டார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை.

மாலை ஆறு மணிக்கு, சொல்லிவைத்ததுபோல், ஒரு பல்பு போனது. மொத்தமும் இருண்டது. அப்பாவுக்கு நெற்றியில் வியர்வை. ஃபாதர் அடுத்த தெருவுக்கு வந்துவிட்டார் என்று சித்தப்பா செய்தி கொண்டுவந்தார். அப்பா வழக்கம்போல் கத்தரித்தார், சீவினார், முறுக்கினார், ஒட்டினார். இருபத்து மூன்று. சுவிட்சைப் போட்டதும் குடில் பளீரென்றது. சிவப்பு பல்பு ஆரஞ்சாகவும், ஆரஞ்சு பல்பு மஞ்சளாகவும் தெரிந்தது.

"அண்ணா, டீச்சர் வீட்டு அருவியெல்லாம் இனி குழாயடிதான்" என்றார் சித்தப்பா. அப்பாவின் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு எரிச்சல் வருகிறது. என் கணக்கு சொன்ன ஆபத்தை அந்த வெளிச்சமே கண்ணெதிரே காட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் நின்று கைதட்டிக்கொண்டிருந்தோம்.

நான் போய்க் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். சுவிட்ச் போர்டு அங்கேதான். புதுப் பாவாடை சட்டையில் விருந்தினரை வரவேற்க நிற்பதுபோல் ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டேன். விரல் நுனி சுவிட்சைத் தொட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் குடிலுக்குப் பின்னால், ஜன்னல் திரைக்குக் கீழே அந்த நீல வாளி கண்ணில் பட்டது. இந்த நேரத்தில் போய் வாளியை இங்கே வைத்திருக்கிறாரே, ஃபாதர் பார்த்தால் என்ன நினைப்பார் என்று அம்மாமேல் கோபம்கூட வந்தது.

ஃபாதர் வந்தார். கூட ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரும், எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்களின் குழுவான அன்பியத்தின் தலைவரும். எல்லோரும் வெளிச்சத்தைப் பாராட்டினார்கள். இந்த வருடம் கண்ணைப் பறிக்கிறதே என்று ஃபாதர் சொன்னார். அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். தலைமையாசிரியை என் பக்கம் திரும்பி, எந்த வகுப்பு என்று கேட்டுவிட்டு, "லைட்டிங் எல்லாம் நீ பண்ணதா?" என்றார்.

அவர் இயற்பியல் ஆசிரியையாக இருந்தவர். கேட்க ஆள் இருந்தது, விஷயமும் என்னிடம் இருந்தது. ஒரு வாக்கியம் போதும்.

"இல்ல மிஸ், அப்பாதான்" என்றேன்.

அவர் நோட்டில் மதிப்பெண் எழுதக் குனிந்தபோது எனக்குத் துணி இஸ்திரி போடும் வாசனை வந்தது. கூரையின் இடது ஓரத்தில், அன்று மாலை முறுக்கிய இணைப்புக்கு மேலே, பனி பழுப்பாகிக்கொண்டிருந்தது. ஒரு ரூபாய் அளவு, பிறகு ஒரு தோசைக்கல் அளவு. செல்லோடேப் சுருண்டு உதிர்ந்தது. ஒரு நீலப் பொறி. பஞ்சு பற்றிக்கொண்டது.

விரலை அழுத்தினேன். குடில் இருண்டது; நெருப்பு மட்டும் தெரிந்தது. அதற்குள் அம்மா வாளியோடு குடிலுக்குப் பக்கத்தில் இருந்தார். எப்போது திரைக்குப் பின்னால் போனார் என்று நான் பார்க்கவில்லை. வாளியைத் தூக்கியவர் ஊற்றவில்லை. தலையைத் திருப்பி, கூட்டத்தைத் தாண்டி நேராக என்னைப் பார்த்தார்.

"ஆஃப் பண்ணிட்டியா?"

தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் ஊற்றினார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாதிக் கூரை போனது. மூன்று ராஜாக்களில் ஒருவருக்கு முகம் கறுத்தது. குழந்தை இயேசு தண்ணீரில் மிதந்து சோபாவுக்கு அடியில் போய்விட்டார். அன்பியத் தலைவர்தான் முட்டிபோட்டு எடுத்துக் கொடுத்தார். எல்லோரும் போன பிறகு நனைந்த வைக்கோலை வாரிக்கொண்டிருந்தோம். கடைசியில் சித்தப்பா, "அவங்க வீட்ல அருவி. நம்ம வீட்ல வெள்ளம். நாமதான் ஃபர்ஸ்ட்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. பாரிமுனைக் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அப்பா சொன்னார். பதினான்கு வருடத்துக்கு முன்பு விற்றவனை! அந்த செட்டையாவது எறிந்தாரா என்றால், அதுவும் இல்லை. எதற்காவது உதவும் என்று சுருட்டிப் பரணில் வைத்தார். ஆறுதல் பரிசாக வந்த ஐந்தாவது தூக்கின் பக்கத்தில்.

சித்தப்பாவின் அரிசிக் கணக்குக்கு எனக்குப் பதில் கிடைக்கப் பல வருடங்கள் ஆயின. திருவிழாவில் சப்பரம் தூக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கிடைத்தது. நாற்பது பேர் தூக்கும் சப்பரத்தில் பதினாறு பேர் விலகிப் போனால் சப்பரத்தின் கனம் குறையாது; மிச்சமிருப்பவர்கள் தோளில்தான் ஏறும். 240 வோல்டும் அப்படித்தான். இவ்வளவு சுலபமான பதில், வேண்டிய அன்று வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

அன்று அந்த அறையில் நடக்கப்போவது தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அம்மா என்னைத்தானே பார்த்துக் கேட்டார்? அப்பாவைப் பார்க்கவில்லை, சித்தப்பாவைப் பார்க்கவில்லை. நான் எதற்காக அங்கே நிற்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒருத்தி வாளியோடு, ஒருத்தி சுவிட்சோடு; இருவரும் தயாராக இருந்தோம், இருவரும் வாயைத் திறக்கவில்லை. அம்மா எனக்கு எதையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தவர் இல்லை. இதை மட்டும் நான் எப்படி இவ்வளவு ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன மாதம் அப்பா பள்ளிக்கரணையில் உள்ள எங்கள் ஃபிளாட்டுக்கு ஒரு வாரம் தங்க வந்தார். கணவர் காலை ஏழு மணிக்கே சிறுசேரிக்குக் கிளம்பிவிடுவார் என்பதால், பள்ளி அவசரத்தில் எனக்கு உதவ அப்பாவே முன்வந்தார். ஹாலில் இருந்த ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பேத்தியின் யூனிஃபார்முக்காக இஸ்திரிப் பெட்டியைச் செருகினார். தனக்கு வெந்நீர் வைக்க அதிலேயே கெட்டிலையும் செருகினார். என் மகளுக்கு எட்டு வயது. அந்த வாரம்தான் மூன்று இலக்கப் பெருக்கல் படித்திருந்தாள். கண்ணில் படும் எண்ணையெல்லாம் பெருக்கிக்கொண்டிருந்தாள். பாக்ஸில் எழுதியிருந்த 240ஐயும் 6ஐயும் பெருக்கினால் என்ன வரும் என்று முந்தின நாள் என்னைக் கேட்டபோது, வாட் வரும், அது தாங்கும் அளவு என்று நான்தான் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தேன்.

பள்ளி டைரியின் பின்பக்கத்தில் கணக்கைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "அம்மா, இந்த பாக்ஸ் ஆயிரத்து நானூத்தி நாப்பதுதான் தாங்கும். அயர்ன் பாக்ஸ் ஆயிரம், கெட்டில் ஆயிரத்து ஐநூறு. தாத்தா பண்றது தப்புதானே?"

அப்பா சிரித்தார். "தாத்தா பாக்காத கரண்டாடா கண்ணு?" அதே பிரியம், அதே சிரிப்பு.

அவள் என்னைப் பார்த்தாள். அவள் கணக்கு சரி. என் பட்டப்படிப்பில் இதைவிடப் பெரிய கணக்கெல்லாம் போட்டிருக்கிறேன். என் வாயிலிருந்து வந்தது இது: "தாத்தாக்குத் தெரியும்மா. நீ போய் ஷூ போடு."

அப்பா பால்கனிப் பக்கம் திரும்பியதும் கெட்டிலைச் சத்தமில்லாமல் பிடுங்கிக்கொண்டு போய்ச் சமையலறை பாயின்டில் செருகினேன். பாக்ஸின் வயரைத் தொட்டுப் பார்த்தபோது சுட்டது. நிமிர்ந்தால், ஒரு காலில் ஷூவோடு அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் எதுக்கும்மா எடுத்த?"

"வயர் தடுக்குதுன்னு எடுத்தேன்" என்றேன். வீடு துடைக்க வைத்திருப்பேன் என்பதுபோல.

அன்று மாலை டைரியில் கையெழுத்துப் போடத் திறந்தேன். பின்பக்கத்தில் கணக்கு இல்லை. காகிதம் மெலிந்துபோகும் அளவுக்கு அழுத்தி அழித்திருந்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் 1440 என்ற தடம் மட்டும் தெரிந்தது.

இதைப் படிக்கும் அம்மாக்களே, அப்பாக்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். எழுபது வயது அப்பாவின் முகம் வாடாமல் 'இது தப்புப்பா' என்று சொல்வது எப்படி? அதைவிட முக்கியமாக, அழித்த கணக்கை மறுபடி எழுது என்று என் மகளிடம் எந்த முகத்தோடு சொல்வது? நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா, கேட்டால் அவளுக்கு அவள் தாத்தாமேல் இருக்கும் மரியாதை போய்விடுமா, கேட்காவிட்டால் என்மேல் இருப்பது போய்விடுமா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். வளர வளரத் தானாகப் புரிந்துகொள்வாள் என்று மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம். எனக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே புரிந்துதான் இருந்தது.